சென்னை மாநகராட்சியில் மேயருக்கு அதிகாரமா, ஆணையருக்கு அதிகாரமா?

மேயர் இருக்கும்போது ஆணையர் எதற்கு, தெருவில் ஒரு குறை என்றால் யாரைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவெடுப்பது மாமன்றம், அதை நிறைவேற்றுவது ஆணையர் என்பதே அடிப்படை ஏற்பாடு. 200 வார்டுகளிலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலர்கள் ரிப்பன் மாளிகையில் கூடும் மாமன்றத்துக்கு மேயர் தலைமை வகிக்கிறார். வரவு செலவுத் திட்டமும் பெரிய பணிகளுக்கான தீர்மானங்களும் அங்கேதான் நிறைவேற வேண்டும். 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயருக்கு வாக்காளர்களே நேரடியாக வாக்களித்தார்கள். 2022-இல் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆணையரோ மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. பொறியாளர் முதல் வரி வசூலிப்பவர் வரை ஊழியர்கள் அவருக்குக் கீழே வேலை செய்கிறார்கள்.

நடைமுறையில் எடை ஆணையர் பக்கமே அதிகம் என்பது என் கருத்து. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் 2022 தொடக்கம் வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. ஆணையரையே தனி அலுவலராகக் கொண்டு நிர்வாகம் நடந்தது. குப்பை அள்ளப்பட்டது, சொத்து வரியும் வசூலானது. ஆனால் இந்த வார்டுக்கு இது வேண்டும் என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஒருவரும் இல்லை. உள்ளாட்சியில் இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இனி உங்கள் தெருவுக்கு வருவோம். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் இரண்டு மூடிகள் தெரியும். ஓரத்தில் கான்கிரீட் பலகை போட்டிருப்பது மழைநீர் வடிகால், அது மாநகராட்சியுடையது. நடுவில் வட்டமாக இருப்பது பாதாளச் சாக்கடை. அது குடிநீர் வாரியத்துடையது. மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் அந்த வாரியம் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தனி அமைப்பு. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் அதுவே பொறுப்பு என்பதால், வட்ட மூடியிலிருந்து கழிவுநீர் பொங்கும்போது மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்தால், அதை வாரியத்துக்கு அனுப்பத்தான் அவர்களால் முடியும். தண்ணீரும் சாக்கடையும் மாமன்றத்துக்கு நேரடியாகக் கணக்குச் சொல்லும்படி இருந்திருக்கலாமே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

தெருவிளக்கு, குப்பை, உட்சாலை, மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்கு முதலில் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு வார்டு உதவிப் பொறியாளரைப் பாருங்கள். வேலை நகரவில்லை என்றால் அதே எண்ணைக் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள். மண்டலக் குழுக் கூட்டத்தில் அவர் அதை எழுப்பலாம். வட்ட மூடி என்றால் வாரியத்தின் 1916.