ஷாப்ளியின் புளிப்பும் வவ்வால் வறுவலும்

கேள்வி: பிரான்ஸில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஷாப்ளி என்ற வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். ‘ட்ரை ஒயின்’ என்றான். ஒரு வாய் குடித்ததுமே எலுமிச்சை பிழிந்ததுபோல் புளித்தது. கெட்டுப்போய்விட்டதா? நம் வீட்டுச் சமையலில் எதனோடு இது சேரும்?
– வாசகி, பெரம்பூர், சென்னை.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கெட்டுப்போகவில்லை, ஷாப்ளியின் இயல்பே அந்தப் புளிப்புதான். கெட்ட ஒயினில் காடி நெடி மூக்கில் ஏறும். நல்ல ஷாப்ளியிலோ பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும் கலந்த மணம் வரும்.

திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. அந்தச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிட்ட ஒயினைத்தான் ‘ட்ரை’ என்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரையிலும், அதற்கேற்ற புளிப்பு இருந்தால் 9 கிராம் வரையிலும் சர்க்கரை மிஞ்சலாம். பழச்சாற்று இனிப்புக்குப் பழகிய நாக்கு முதல் வாயில் திடுக்கிடுவது இதனால்தான்.

புளிப்புக்குக் காரணம், ஒயினுக்குப் பெயர் தந்த ஷாப்ளி என்ற ஊரின் குளிர். பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியின் வடகோடியில், செரெய்ன் என்ற சிற்றாற்றின் இரு கரைச் சரிவுகளிலும் ஷார்டனே என்ற ஒரே திராட்சை வகையிலிருந்து இந்த ஒயினைச் செய்கிறார்கள். குளிரில் பழம் மெல்லப் பழுப்பதால் அதன் புளிப்பு குறையாமல் நிற்கிறது. ஏப்ரலில், நாம் வெயிலில் வாடும் நாட்களில், அங்கே இளந்தளிர்கள் உறைபனியில் கருகிவிடும் அபாயம் உண்டு. அப்படிப்பட்ட இரவுகளில் சில தோட்டங்களில் தளிர்கள்மேல் விடிய விடியத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் தளிரை உறைநிலைக்குக் கீழே போகவிடாமல் காக்கிறது. காலையில் ஒவ்வொரு தளிரும் கண்ணாடி போன்ற பனிக்கூட்டுக்குள் பச்சையாக நிற்கும். 2021 ஏப்ரலில் இத்தனை பாடுபட்டும் பெருஞ்சேதத்தைத் தவிர்க்க முடியவில்லை.

அந்த மண் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்களி. கையில் எடுத்தால் காற்புள்ளி வடிவில் குட்டிக் குட்டிச் சிப்பிப் படிமங்கள் தெரியும். அந்தச் சிப்பியின் சுவைதான் ஒயினில் இறங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். கேட்க அழகாக இருந்தாலும், கல்லின் சுவையை வேர் அப்படியே உறிஞ்சிக் கோப்பைக்குக் கொண்டுவந்துவிடுவதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பச்சைச் சிப்பியோடு அருந்துவார்கள். சென்னைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது வவ்வால் மீன். காசிமேட்டில் புதிதாக வாங்கி, மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்து, உப்பும் மிளகும் மஞ்சளும் தடவித் தோசைக்கல்லில் ஓரம் மொறுமொறுப்பாகும்வரை வறுத்தெடுங்கள். எலுமிச்சை மட்டும் பிழிய வேண்டாம். அந்த வேலையை ஒயினே செய்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுத்து அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்குவதில் இந்தப் புளிப்புக்கு இணையில்லை. தேங்காய்ப்பாலில் வெந்த இறாலும் நன்றாகச் சேரும். சைவர்கள் வாழைக்காய் பஜ்ஜியைத் தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டுப் பார்க்கலாம்.

மீன் குழம்போடு மட்டும் தயவுசெய்து வேண்டாம். புளிக்கரைசலின் புளிப்புக்கு முன்னால் ஒயின் சப்பென்றாகிவிடும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் தூண்டிவிடும். இவ்வளவு பாடுபட்டு விளைவித்த ஒன்றை அப்படி வீணாக்குவது எனக்கு உண்மையாகவே மனம் பொறுக்காத விஷயம்.

கேள்வி: மீதி ஒயினை எப்படி வைப்பது?
– அதே வாசகி.

பதில்: தக்கையை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட்டால் 10 முதல் 12 டிகிரி வெப்பநிலைக்கு வந்து மணம் திறக்கும். திறக்காத பாட்டில் இன்னொன்று இருந்தால் சமையலறைப் பரணில் மட்டும் வைக்காதீர்கள். நம் ஊர்க் கோடையில் ஒரே மாதத்தில் அதன் உயிர் போய்விடும்.