வாசகர் கேள்வி: ஜப்பானைப் படிக்க வீட்டை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகள் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறாள். லண்டனில் ஜப்பானிய ஆய்வுகள் என்ற ஒரு வருட எம்.ஏ. படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 38 லட்சம் ஆகுமாம். கையில் 8 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன் வாங்க வேண்டும். ஜப்பானிய மொழியில் என்-5 தேர்வு முடித்திருக்கிறாள். “ஒரு நாட்டைப் பற்றிப் படித்துவிட்டு வந்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள்?” என்று கணவர் கேட்கிறார். நீங்களும் அதே படிப்பு படித்தவர் என்பதால் கேட்கிறேன், அம்மா.
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் கேட்டதையேதான் என் அப்பாவும் கேட்டார். டெல்லியில் நான் கட்டிய கல்விக் கட்டணம் விடுதிச் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு. அதனால்தான் அவர் சம்மதித்தார். கடன் இல்லாமல் வெளியே வந்ததால், முதல் இரண்டு வருடம் குறைந்த சம்பளத்தில் வேலை கற்றுக்கொள்ள என்னால் முடிந்தது.

1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஜப்பானிய உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். நேர்முகத் தேர்வில் என் எம்.ஏ. சான்றிதழை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, அங்கிருந்த சூப்பர்வைசருக்கு விளக்கச் சொன்னார்கள். ஜப்பான் நவீன நாடாக மாறிய மெய்ஜி கால (1868–1912) அரசியலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்த எனக்கு, வெல்டிங்குக்கு ஜப்பானியர் ‘யோசெட்சு’ என்பார்கள் என்று தெரியவில்லை. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது மொழித் தேர்வில் வாங்கிய இரண்டாம் நிலைச் சான்றிதழ். (அப்போது நான்கே நிலைகள். 2010 முதல்தான் ஆரம்பப் படியான என்-5-இல் தொடங்கி உச்சப் படியான என்-1 வரை ஐந்து.)

அதற்காகப் படித்த வரலாறு வீண் என்று சொல்ல மாட்டேன். அதன் பலன் நான்கைந்து வருடம் கழித்து வந்தது. விலைப் பேச்சில் ஜப்பானிய மேலாளர் ‘கென்டோ ஷிமாஸ்’ என்றால், பரிசீலிக்கிறோம் என்று அர்த்தம். நம்மவர்கள் சந்தோஷமாக எழுந்து வருவார்கள். பல நேரம் அது மரியாதையாகச் சொன்ன ‘வேண்டாம்’ என்பதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக என்னை ஆக்கியது நான் படித்த படிப்புதான். அதன் பிறகுதான் சம்பளமும் ஏறியது. ஆனால் மொழி இல்லாமல் அந்த அறைக்குள் நுழைந்திருக்கவே முடியாது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 30 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் வருடமும் அதற்கு அடுத்த வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு வருடத்தில் கடன் 36 லட்சத்தைத் தாண்டிவிடும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 49,000 ரூபாய். என்-5 என்பது ஆரம்பப் படி. ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு வருட எம்.ஏ. அவளை என்-2 வரை கொண்டுபோகாது. என்-2 இல்லாத பெண்ணுக்கு இந்தத் தவணையைத் தாங்கும் சம்பளத்தை முதல் வேலையிலேயே கொடுக்கும் நிறுவனத்தை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

அதனால் இந்த வருடம் வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு மகளை எழுதச் சொல்லுங்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய ஆய்வுத் துறை இருக்கிறது. செலவு லண்டனுக்குப் பக்கத்தில்கூட வராது. அப்புறம் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் நடத்தப்படும் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் ‘சர்வதேச மற்றும் வட்டார ஆய்வுகள்’ என்று தனிப் பாடமே உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் வரும்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையை அவள் அவசியம் குறிவைக்க வேண்டும். கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் சுமார் 1,43,000 யென் கையில் கொடுப்பார்கள். சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தில் விவரம் கேளுங்கள். போட்டி கடுமைதான், முதல் முறையே கிடைக்காமல் போகலாம். 35 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம் என்பதால் அவளுக்கு இன்னும் நிறைய வருடங்கள் இருக்கின்றன.

உங்கள் மகளின் ஆசையைக் குறைத்துப் பேசாதீர்கள் என்று கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வரலாறு படித்த பெண் ஜப்பானிய மொழிக்கு வருவது நல்ல சேர்க்கை. மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கிறது. கையில் இருக்கும் 8 லட்சத்தில் கொஞ்சம் எடுத்து நல்ல வகுப்பில் சேர்த்துவிடுங்கள். என்-3 முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். லண்டனா டோக்கியோவா என்று அப்போது மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.