மேசையில் வெள்ளை வளையம்: பழுது மரத்திலா, பூச்சிலா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் தேக்குச் சாப்பாட்டு மேசை ஒன்று வாங்கினோம். சூடான சாம்பார்ப் பாத்திரத்தை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்துவிட்டது. மேற்பரப்பு முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு பி.யூ. (பாலியூரித்தேன் என்ற பூச்சு) அடித்தால்தான் சரியாகும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர் அனுப்பிய பாலிஷ்காரர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கறை வெள்ளையாக இருப்பது நல்ல செய்தி. சூட்டோடு சேர்ந்த ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெளுத்திருக்கிறது, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே அதன் பொருள். ஈரம் பூச்சைத் தாண்டி மரத்தைத் தொட்டிருந்தால் கறை கறுத்திருக்கும்.

முதலில் அது என்ன பூச்சு என்று பாருங்கள். கண்ணில் படாத ஓரத்தில் பாலிஷ் ஸ்பிரிட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசும் பழைய பாலிஷ். (கைக்குத் தெளிக்கும் சானிடைசர் இதே பூச்சைக் கெடுப்பதும் இதனால்தான்.) நான்கைந்து நாள் அப்படியே உலர விடுங்கள்; பல வளையங்கள் தாமாகவே மங்கிவிடும். மங்காவிட்டால் தடித்த பருத்தித் துணியை விரித்து, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஓரிரு விநாடி வைத்து வைத்து எடுங்கள். அழுத்தினால் அரக்கு இளகித் துணி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அந்த இடத்தில் மட்டும் ஒரு கை பாலிஷ் போட்டால், புதிய அரக்கு பழையதோடு கரைந்து சேர்ந்துவிடும். பிசுபிசுக்கவில்லையென்றால் அது பெரும்பாலும் மெலமைன் என்ற செயற்கைப் பிசின் பூச்சு. அங்கும் உலர விடுவதும் இஸ்திரியும்தான் வைத்தியம், பலன் சற்றுக் குறைவு.

தேய்ப்பதைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. தேக்கு மேசை என்று விற்கப்படுவதில் கால்கள் மட்டும் தேக்காகவும், மேற்பலகை பிளைவுட்டின் மேல் ஒட்டிய தேக்கு வெனீராகவும் (மெல்லிய மரத்தகடாகவும்) இருப்பது வெகு சாதாரணம். வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மிஷினில் உப்புத்தாளை மாட்டி ஓட்டினால் இரண்டே சுற்றில் அடிப்பலகை தெரிந்துவிடும், பிறகு எந்தப் பூச்சாலும் அதை மறைக்க முடியாது. பலகையின் குறுக்கு முனையைக் கவனியுங்கள்: முழுத் தேக்கு என்றால் மேலே ஓடும் ரேகைகள் அங்கே வெட்டுமுகமாகத் தெரியும். முனையைச் சுற்றித் தனிச்சட்டம் அடித்து மூடியிருந்தால் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே உள்ள ரேகையின் போக்கு கீழேயும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தேய்க்க யாரையும் விடாதீர்கள்.

கடைக்காரர் அனுப்பும் ஆளுக்கும் கடைக்கும் இடையே பங்கு இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பி.யூ. என்று விலை பேசி மெலமைன் அடிப்பதும், பழைய அரக்குப் பாலிஷை எடுக்காமல் அதன்மேலேயே பி.யூ. அடித்து, அது பின்னர் தோல் உரிவதுபோல் உரிவதும் வாடிக்கை. பிளைவுட் பலகைக்காவது ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டு, அதே பலகை மேசையானதும் முத்திரை வெனீருக்கு அடியில் போய்விடுகிறது, பில்லில் ‘தேக்கு டேபிள் 1’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு மேற்பலகை எது, பூச்சு எது என்று இரண்டு வரி எழுத ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்கள் பில்லையும் எடுத்துப் பாருங்கள். முழுத் தேக்கு என்று எழுதியிருந்து வெனீராக இருந்தால், நீங்கள் பேச வேண்டியது பாலிஷ்காரரிடம் அல்ல, கடைக்காரரிடம்.

முழுத் தேக்குதான் என்று உறுதியாகி, பி.யூ.வும் வேண்டும் என்றால், பழைய பூச்சு முழுவதையும் எடுக்கச் சொல்லுங்கள். பூச்சு டப்பாவையும் அதை இறுகச் செய்யும் ஹார்டனர் டப்பாவையும் உங்கள் கண்முன்னே முத்திரை உடைத்துக் கலக்கச் சொல்லுங்கள். மறுநாளே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை மேசையில் சாப்பாடு வேண்டாம். அதற்குப் பிறகும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் பிரிமணை மேல்தான் உட்கார வேண்டும்.