ஒரே மார்கரெட், இரண்டு ஃபிலிப்

கேள்வி: கிழக்கு பிரான்ஸில் பர்கண்டியை ஆண்ட ட்யூக்குகளின் (கோமகன்களின்) வம்சாவளியில் ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) மார்கரெட் இரண்டு இடத்தில் வருகிறார். இரண்டிலும் கணவர் ட்யூக் ஃபிலிப். அச்சுப்பிழையா?

பதில்: பிழையே இல்லை. ஃபிலிப்தான் இரண்டு பேர், மார்கரெட் ஒருவரே. முதல் ஃபிலிப் பழைய வம்சத்தின் கடைசி ட்யூக். பிள்ளை இல்லாமல், மீசை முளைக்கும் வயதில் 1361இல் இறந்துபோனார். பர்கண்டி பிரான்ஸ் அரசர் கைக்குப் போனது, அவர் அதை 1363இல் தன் கடைசி மகனுக்குக் கொடுத்தார், அந்தப் பையன் பெயரும் ஃபிலிப். இதற்குள் விதவையான மார்கரெட்டுக்கு ஏகப்பட்ட கிராக்கி, ஏனென்றால் ஃபிளாண்டர்ஸ் அவருக்குத்தான் வந்து சேரும். இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் தன் மகன் எட்மண்டுக்குப் பெண் கேட்க, பெண்ணின் அப்பாவும் சரி என்றுவிட்டார். ஆனால் இருவரும் உறவு, போப் விலக்கு தந்தால்தான் கல்யாணம். போப் ஐந்தாம் அர்பன் மறுத்துவிட்டார். கடைசியில் மணந்தது இரண்டாவது ஃபிலிப். அவரும் மார்கரெட்டுக்கு உறவுக்காரர்தானே, அவருக்கு மட்டும் அனுமதி எப்படிக் கிடைத்தது? போப் அவினியோனில் இருந்த பிரெஞ்சுக்காரர், ஃபிலிப்பின் அண்ணன் அப்போது பிரான்ஸ் அரசர். அப்புறம் என்ன! பெண்ணின் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை, லீல், டுவே போன்ற ஊர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தார். 1369இல் கென்ட் நகரில் கல்யாணம்.

கேள்வி: இவர்களுடைய பேரன் சித்தியையே கட்டிக்கொண்டாராமே?

பதில்: ஆமாம். அவர் பெயரும் ஃபிலிப், 'நல்லவர்' என்ற பட்டத்தோடு. சித்தப்பா 1415இல் அஜின்கோர்ட் போரில் செத்துப்போக, அவர் மனைவி பான் என்பவரை 1424இல் மணந்தார். மறு வருஷமே அந்த அம்மாளும் இறந்துவிட்டார்.

கேள்வி: பர்கண்டி மேரியின் வம்சாவளியை வரைந்தேன். கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் வர வேண்டும், ஆறு பேர்தான் வருகிறார்கள். யாரை விட்டேன்?

பதில்: யாரையும் விடவில்லை. மேரியின் அப்பா சார்லஸ், அந்த நல்ல ஃபிலிப்பின் மகன். அம்மா இசபெல்லா, ஃபிலிப்பின் தங்கை ஆக்னஸின் மகள். அதாவது சார்லஸ் 1454இல் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகளை. ஃபிலிப்புக்கும் ஆக்னஸுக்கும் அப்பா அம்மா ஒன்றுதானே, அந்த ஜோடி அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும். நமக்கு அத்தை மகள் என்றால் உரிமை, அங்கே சர்ச் தடை. அதுவும் 1215இல் ரோமில் கூடிய லாத்தரன் திருச்சபைச் சங்கம் முறையைத் தளர்த்திய பிறகும், இருவருக்கும் எள்ளுத்தாத்தா பொதுவாக இருந்தாலே ஆகாது. அரச குடும்பங்களில் அந்தக் கணக்குப்படி அன்னியர் கிடைப்பதே அபூர்வம், எனவே வம்சாவளியில் போப்பின் விலக்குக் கடிதம் அடிக்கடி தலைகாட்டும்.

மேரி ஒரே பிள்ளை. 1477 ஜனவரியில் அப்பா நான்சி போரில் விழுந்தார், ஆகஸ்டில் மேரிக்கும் ஆஸ்திரியாவின் மாக்ஸிமிலியனுக்கும் கல்யாணம். கல்யாணத்தால் வந்த ஃபிளாண்டர்ஸ் இன்னொரு கல்யாணத்தால் மாக்ஸிமிலியனின் ஹாப்ஸ்பர்க் வீட்டுக்குப் போனது.