வலைப்பூ முதல் பிடிஎஃப் வரை: அரபு இலக்கியம் பற்றிக் கேட்டவர்களுக்கு

சார், வலைப்பூவில் எழுதுவதை அரபு உலகம் இலக்கியமாக ஏற்கிறதா?

முதலில் முகம் சுளித்தார்கள். எகிப்தின் மஹல்லா அல்-குப்ராவில் மருந்தாளுநராக இருந்த காதா அப்துல் ஆல், 2006-இல் 'கல்யாணம் பண்ணிக்கணும்' என்ற பொருளில் ஒரு தலைப்பு வைத்து எழுத ஆரம்பித்தார். பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றிய கிண்டல். 2008-இல் கெய்ரோவின் தார் அல்-ஷுரூக் அதைப் புத்தகமாக்கியது. கூடவே இன்னும் இரண்டு பெண்களின் வலைப்பூக்களையும். 2010 ரமலானில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது அதன் மொழி. வீட்டில் பேசுகிற எகிப்திய அரபி அப்படியே அச்சேறியது. இலக்கியமென்றால் ஃபுஸ்ஹா, அதாவது ஏட்டு அரபிதான் என்று பழகியவர்களுக்கு அது கசந்தது. செந்தமிழ், பேச்சுத்தமிழ்ச் சண்டை பார்த்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சவூதியில்?

ரஜா அல்-ஸானிஆவின் 'ரியாத் பெண்கள்', 2005. பெய்ரூட்டில் அச்சானது. வெள்ளிக்கிழமைதோறும் ஒருத்தி அனுப்பும் மின்னஞ்சல்கள்தான் நாவலின் அத்தியாயங்கள். இணையம் அங்கே கதையின் வடிவமாகவே மாறிவிட்டது.

அண்ணே, அரபியில் 3, 7 என்று எண் போட்டு எழுதுகிறார்களே, அது என்ன?

அரபி விசைப்பலகை இல்லாத காலத்துப் பழக்கம். ஆங்கில எழுத்தில் அரபியை அடிப்பார்கள். ஆங்கிலத்தில் ஈடான எழுத்து இல்லாத ஒலிக்கு எண். 'ஐன்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தால் 3 மாதிரி இருக்கும், அதனால் அதற்கு 3. அழுத்தமான 'ஹா'வுக்கு 7. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வியை நம் முஸ்லிம் பாட்டிமார் வாசித்தார்கள். இது அதற்கு நேர் எதிர்த் திசை! இலக்கியம் அச்சுக்குப் போகும்போது பெரும்பாலும் அரபு எழுத்துக்கே திரும்பிவிடுகிறது.

இணையத்திலேயே பிறந்து அங்கேயே வாழும் நாவல் உண்டா?

ஜோர்டானின் முஹம்மது ஸனாஜிலா 2001-இல் 'ழிலால் அல்-வாஹித்' எழுதினார், 2005-இல் 'சாட்'. சொல்லோடு படமும் ஒலியும் சேர்ந்த எழுத்து. அந்தக் காலத்து இத்தகைய ஆக்கங்கள் பலவற்றுக்கு, இணையப் பக்கத்தில் படத்தையும் ஒலியையும் இயக்கிய ஃபிளாஷ் மென்பொருள்தான் உயிர். 2020 கடைசியில் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுப் பழைய அரபிக் கையெழுத்துப் பிரதியை இன்றும் பிரித்து வாசிக்கலாம். நேற்றுப் பிறந்த ஃபிளாஷ் கதையை இன்றைய உலாவி திறக்காது.

திருட்டு பிடிஎஃப் பற்றி?

எழுத்தாளர் வயிற்றில் அடிக்கிறது. ஆனால் ஒரு நாட்டில் தடையான நாவல் பக்கத்து நாட்டு வாசகன் கைக்கு வருவதும் அந்த வழியாகத்தான்.