அடங்காத முடிக்கு சலூன் டிரையர் வாங்கலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஹேர் டிரையரைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இதையே பேசிவிடலாம்.

கேள்வி: என் முடி தோளுக்குக் கீழே வரும். நல்ல அடர்த்தி, பாதி அலை, பாதி சுருட்டை. குளித்துக் காய்ந்ததும் நாலாபக்கமும் சிலுப்பிக்கொண்டு நிற்கும். சலூனில் உலர்த்திவிட்டால் மட்டும் அடுத்து தலைக்குக் குளிக்கும்வரை சொன்னபடி கேட்கிறது. வீட்டில் இருக்கும் சின்ன டிரையரில் அந்தப் பதம் வரவே மாட்டேன் என்கிறது. அவர்கள் வைத்திருப்பது மாதிரி ஒன்று வாங்கலாம் என்றால் விலை பல மடங்கு. வாங்கினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா, இல்லை பெயருக்குத்தான் காசா?

பதில்: வித்தியாசம் தெரியும். ஆனால் அதை வாங்கி வந்து, பழைய டிரையரைப் பிடித்த மாதிரியே பிடித்தீர்கள் என்றால் அதே பரட்டைத் தலைதான் வரும், என்ன, கொஞ்சம் சீக்கிரமாக வரும்.

அடுத்த முறை சலூனில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணாடியில் கவனித்துப் பாருங்கள். முதலில் துண்டால் ஒற்றி எடுப்பார்கள், தேய்க்க மாட்டார்கள். க்ரீமோ சீரமோ ஏதாவது தடவுவார்கள். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து கிளிப் போடுவார்கள். டிரையரின் முனையில் தட்டையான நாசில் மாட்டியிருக்கும். அதை வேரிலிருந்து நுனியைப் பார்க்கச் சாய்த்துப் பிடித்து, அடியில் பிரஷ்ஷைக் கொடுத்து இழுத்துக்கொண்டே போவார்கள், ஒரு பகுதி முழுசாகக் காயும்வரை அடுத்ததைத் தொட மாட்டார்கள். வீட்டில் நாம் செய்வது என்ன? நாசிலைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டு (பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே தொலைந்துபோகிற பொருள் அது), தலையைக் கவிழ்த்து, எட்டுத் திசையிலும் காற்றடித்து, கை வலித்ததும் ஈரம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுகிறோம்.

முடிக்குள் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. அந்த இழைகளைப் பிடித்து வைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒரு வகை. தண்ணீர் பட்டால் அவை அவிழ்ந்துவிடும், காய்ந்ததும் திரும்பக் கட்டிக்கொள்ளும். காயும் நேரத்தில் முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே கட்டிக்கொள்ளும், டிரையரின் மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது. இழுத்துப் பிடித்துக் காயவைத்தால் நேராக நிற்கும், கலைத்துவிட்டுக் காயவைத்தால் கலைந்தபடி நிற்கும், உள்ளே ஈரத்தை விட்டுவிட்டு எழுந்து போனால் அந்த ஈரம் காயும்போது தன் இஷ்டத்துக்கு வளைந்துகொள்ளும். காற்றில் ஈரப்பதம் ஏறுகிற நாளில், பாடுபட்டு நீவிய முடி மதியத்துக்குள் கிளம்பிவிடுவதும் இதனால்தான். பிறவிச் சுருளைப் பிடித்து வைத்திருக்கும் டைசல்பைடு பிணைப்புகள் வேறு, அவற்றை எந்த விலை டிரையரும் அசைக்காது. அதற்கு ரசாயனம் வேண்டும். ஆக, எவ்வளவு உசத்தியான டிரையர் வாங்கினாலும் அதன் வேலை அடுத்த குளியல் வரைதான்.

இன்னொன்று, திசை. முடியின் மேல்பரப்பில் கூரை ஓடுகள் மாதிரி செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கியிருக்கும். காற்று அதே போக்கில் போனால் படியும், எதிர்ப்போக்கில் போனால் தூக்கிக்கொள்ளும். தூக்கிக்கொண்ட செதில்கள் பக்கத்து முடியோடு உரசும், சிக்கும், பளபளப்பும் போய்விடும். நாசில் இல்லாத டிரையரில் காற்றைத் திசைப்படுத்தவே முடியாது என்பதால்தான் அந்த பிளாஸ்டிக் துண்டுக்காக இவ்வளவு பேசுகிறேன்.

சரி, அப்படியானால் நல்ல டிரையர் எதற்கு? காற்றுக்கு. சின்ன டிரையரில் மோட்டார் சின்னது, தள்ளுகிற காற்று குறைவு, அந்தக் குறையைச் சூட்டை ஏற்றிச் சமாளிக்கும். நீங்களும் காயவில்லையே என்று கிட்டே கொண்டுபோவீர்கள், மேல்முடி கருகும் அளவுக்குச் சுடும், உள்முடி ஈரமாகவே இருக்கும். சலூன் டிரையர்களில் பெரும்பாலும் ஏசி (மாறுமின்னோட்ட) மோட்டார் இருக்கும், அது பெரியது, கனமானது, நாள் முழுக்க ஓடத் தாங்கும். காற்று வேகமாக வருவதால் நடுத்தரச் சூட்டிலேயே அடர்த்தியான முடியும் அடிவரை காய்ந்துவிடும். மெல்லிய முடிக்காரர்களுக்கு இதில் பெரிய லாபம் கிடையாது. உங்களைப் போல அடர்த்தியும் நீளமும் இருப்பவர்களுக்குத்தான் கொடுத்த காசு தெரியும்.

வாங்கும்போது சூட்டுக்கும் வேகத்துக்கும் தனித்தனி பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பொத்தானில் இரண்டும் சேர்ந்து ஏறுவதை வாங்காதீர்கள், ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது அதிகக் காற்றும் மிதமான சூடும். குளிர்காற்றுப் பொத்தான் அவசியம், அதை அழுத்தினால் உண்மையிலேயே குளிர்ந்த காற்று வருகிறதா என்றும் பார்க்க வேண்டும், சிலவற்றில் வெதுவெதுப்பாகத்தான் வரும். ஒவ்வொரு பகுதியையும் முடிக்கும்போது பிரஷ்ஷில் இருக்கும் முடியை அப்படியே குளிரவிட்டால் வடிவம் நிற்கும், சூட்டோடு உருவி விட்டால் பாதி போய்விடும். நாசில் இறுக்கமாக மாட்ட வேண்டும், பாதி வேலையில் கழன்று விழக்கூடாது. வயர் நீளம் போதுமா, பின்பக்கத்துச் சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா, இவையும் கவனிக்க வேண்டியவை. அப்புறம் எடை. கடையில் கையில் எடுத்து எல்லோரும் ஒரு நொடி பார்த்துவிட்டு வைத்துவிடுகிறோம். கையைத் தலைக்குமேல் தூக்கி, பின்னந்தலைக்குக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்கள். தோள் வலிக்கிற டிரையர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அலமாரிக்குத்தான் போகும்.

என் தீர்ப்பு இது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை தலைக்குக் குளித்து, ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து உலர்த்தப் பொறுமை இருக்கிறது என்றால் வாங்குங்கள், ஆனால் உச்சி விலையில் இருப்பது வேண்டாம், ஏசி மோட்டார் போட்ட நடுத்தர விலை சலூன் டிரையர் போதும். விசேஷத்துக்கு மட்டும்தான் எடுப்பேன் என்றால் இருக்கிற டிரையருக்குச் சரியாகப் பொருந்துகிற நாசில் ஒன்றும் நல்ல பிரஷ் ஒன்றும் வாங்கி, மேலே சொன்ன மாதிரி ஒரு மாதம் செய்து பாருங்கள். உங்களுக்கு அப்புறம் புது டிரையரே தேவைப்படாமல் போகலாம். உத்தரவாத அட்டையையும் படித்துவிட்டு வாங்குங்கள், சலூன் உபயோகத்துக்கென்று ஒரு விதி, வீட்டு உபயோகத்துக்கென்று ஒரு விதி என்று சில நிறுவனங்கள் பிரித்து வைத்திருக்கின்றன.

கேள்வி: வாட் அதிகமாக இருந்தால் நல்ல டிரையர் என்று சொல்கிறார்களே?

பதில்: வாட் என்பது அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதற்கான கணக்கு, அதில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைச் சூடாக்கவே போகிறது. காற்று எவ்வளவு வரும் என்று அது சொல்லாது. அமெரிக்க டிரையர்களில் 1875 வாட் என்று ஒரு விசித்திரமான எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அது ஏதோ ஆராய்ச்சியில் கண்டுபிடித்த அளவு இல்லை, அங்கே சாதாரண பிளக்கின் உச்ச அளவுகளான 15 ஆம்பியரையும் 125 வோல்ட்டையும் பெருக்கினால் வருகிற வரம்பு.

கேள்வி: அயானிக், செராமிக், டூர்மலின் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கெல்லாம் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: அயானிக் டிரையர் எதிர்மின் அயனிகளை வெளிவிடுகிறது. காய்ந்த முடியில் சேர்கிற நிலைமின்சாரத்தை அது குறைக்கும், சீப்பு வைத்ததும் முடி பறக்கிறவர்களுக்கு அதில் கொஞ்சம் பலன் இருக்கலாம். நீர்த்துளிகளை உடைத்து முடிக்குள் ஈரத்தைப் பூட்டி வைக்கும் என்று விளம்பரம் சொல்வதையெல்லாம் நான் நம்புவதில்லை. செராமிக் என்றால் சூடு சீராகப் பரவும் என்பார்கள், சூடேற்றும் பகுதியே செராமிக் என்றால் அதில் அர்த்தம் உண்டு, முகப்புக் கம்பிவலையில் மட்டும் பூச்சு பூசியிருந்தால் அது பெட்டியில் எழுதத்தான் உதவும். டூர்மலின் என்பது ஒரு கனிமம், அதைப் பொடியாக்கிச் சேர்த்திருப்பதாகச் சொல்வது. ஒரே விலையில் இரண்டு டிரையர், ஒன்றில் இந்தப் பெயர்கள், இன்னொன்றில் நல்ல மோட்டார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரை எடுங்கள்.

கேள்வி: எது எப்படியோ, சூடு முடிக்குக் கெடுதல்தானே? காற்றில் தானாகக் காயவிடுவதுதான் நல்லது என்று என் அக்கா அடித்துச் சொல்கிறார்.

பதில்: அக்கா சொல்வது பாதி சரி. கொரிய ஆய்வாளர்கள் 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முடிக்கற்றைகளைத் திரும்பத் திரும்பக் கழுவி, சிலவற்றைத் தானாகக் காயவிட்டு, சிலவற்றை டிரையரால் வெவ்வேறு தூரத்தில் உலர்த்திப் பார்த்தார்கள். 5 சென்டிமீட்டரில் பிடித்தபோது சூடு 95 டிகிரி செல்சியஸ், அதில் மேற்பரப்புச் சேதம் அதிகம். 15 சென்டிமீட்டரில் 47 டிகிரிதான். மேற்பரப்பு நன்றாக இருந்தது தானாகக் காய்ந்த முடியில்தான், ஆனால் அதில் உள்ளே, செல்களை ஒட்டவைத்திருக்கும் பகுதியில் சேதம் தெரிந்தது, டிரையரால் உலர்த்தியதில் அது தெரியவில்லை. நெடுநேரம் ஈரத்திலேயே இருப்பதும் முடிக்கு ஆகாது என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். ஈரம் பட்டால் முடி ஊதித் தடிக்கிறது, காய்ந்தால் சுருங்குகிறது, ஈரமாக இருக்கும்போது வலுவும் குறைவு. எனவே 15 சென்டிமீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே உலர்த்துவது என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன வழி.

சொட்டச் சொட்ட ஈரமான முடியில் அதிகச் சூட்டை வைத்தால் உள்ளே இருக்கும் நீர் கொதித்து ஆவியாகிக் குமிழ் குமிழாகிவிடும், அந்த இடத்தில் முடி ஒடியும், பிறகு சரியாகாது. இது முடியை நேராக்கும் அயர்னிங் கருவியில் அதிகம் நடக்கும், மோசமான டிரையரை ஒட்டி வைத்தாலும் நடக்கலாம். முதலில் துண்டால் ஒற்றி, குறைந்த சூட்டில் முக்கால்வாசி காயவைத்து, அதற்கப்புறம் பிரஷ் எடுங்கள்.

கேள்வி: எனக்கு நல்ல சுருட்டை. டிரையர் போட்டாலே பந்து மாதிரி ஊதிக்கொள்கிறது. நேராக்கவும் விருப்பமில்லை.

பதில்: உங்களுக்கு நாசில் வேண்டாம், டிஃப்யூசர் வேண்டும், அந்த அகன்ற கிண்ணம் போன்ற, விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் துணைக்கருவி. காற்று அதில் பரவி மெதுவாக வரும். முடி நன்றாக ஈரமாக இருக்கும்போதே லீவ் இன் கண்டிஷனரோ ஜெல்லோ தடவி, சுருள்களைக் கிண்ணத்துக்குள் ஏந்தி, குறைந்த வேகம், குறைந்த சூடு, அப்படியே வைத்திருங்கள். காயும்வரை கையாலோ சீப்பாலோ கலைக்காதீர்கள், ஊதுவதற்குக் காரணமே அந்தக் கலைத்தல்தான். சலூன் டிரையரின் அசுரக் காற்று உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது, டிஃப்யூசர் சரியாகப் பொருந்துகிற சாதாரண டிரையர் போதும்.

கேள்வி: கைப்பிடிக்குள் மோட்டார் இருக்கிற, விலை தலைசுற்ற வைக்கிற டிஜிட்டல் டிரையர்கள்?

பதில்: டைசன் 2016இல் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது, நிமிடத்துக்கு 1,10,000 சுற்று வரை சுற்றும் சின்ன மோட்டாரைக் கைப்பிடிக்குள் வைத்தது, இப்போது பல நிறுவனங்கள் அதே பாணியில் செய்கின்றன. எடை கையில் இறங்கிவிடுவதால் பிடிக்க வசதி, சூட்டை மின்னணுவியலால் கட்டுப்படுத்துவதால் முடி கருகும் பயமும் குறைவு. தோள்வலி, மணிக்கட்டு வலி இருப்பவர்கள் யோசிக்கலாம். மற்றபடி, முடி அடங்குவதில் நல்ல ஏசி மோட்டார் டிரையருக்கும் இதற்கும் இருக்கிற வித்தியாசம் விலையில் இருக்கிற வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வராது. போலிகளும் ஏராளம். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: தம்பி அமெரிக்காவிலிருந்து டிரையர் வாங்கி வருவதாகச் சொல்கிறான். பிளக் மாற்றி போட்டால் ஓடுமா?

பதில்: அங்கே 120 வோல்ட். 230 வோல்ட் வருகிற வீட்டில் பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் புகை வரும், அல்லது ஓடவே மாட்டேன் என்று நிற்கும். 230 வோல்ட் டிரையரை அங்கே கொண்டுபோனால் எரியாது, ஆனால் கால்வாசி சக்தியில் முனகும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், இந்த அளவு வாட்டைத் தாங்குகிற கருவி டிரையரைவிடக் கனமாக இருக்கும். தம்பியிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரையர் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து தானாக ஓடுகிறது. தீய்ந்த வாடையும் வருகிறது. புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டதா?

பதில்: பின்பக்கச் சல்லடையைப் பாருங்கள், முடியும் தூசியும் அடைத்திருக்கும். காற்று உள்ளே போக வழியில்லாமல் சூடு ஏறி, பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்துகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறியதும் பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அதற்கப்புறமும் வாடை வந்தாலோ, வயர் கைப்பிடியில் நுழைகிற இடத்தில் வெடிப்பு தெரிந்தாலோ, மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.