இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அரசின் அறிவியல் ஆலோசகர் ஆவது எப்படி? அது நல்ல வேலைதானா?

இந்தக் கேள்வியை இரண்டு நாளாகப் பார்த்துவிட்டுப் பார்க்காதவன் மாதிரி போய்க்கொண்டிருந்தேன். இன்று காலை ஒருவர் "யுபிஎஸ்சி எழுதுங்கள், இயற்பியலை விருப்பப் பாடமாக எடுங்கள்" என்று பதில் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. யுபிஎஸ்சி எழுதி அறிவியல் ஆலோசகர் ஆக முடியாது. அறிவியல் ஆலோசகரின் கோப்பைத் திருப்பி அனுப்புகிற நாற்காலிக்கு வேண்டுமானால் வரலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆலோசகராக இருந்தவன் இல்லை. ஆய்வகத்தில் குறைவெப்பநிலைக் காந்தவியல் பார்த்துக்கொண்டிருந்தவன், டெபுடேஷனில், அதாவது சொந்த வேலையை விடாமல் தற்காலிக மாற்றுப் பணியாக, டெல்லி போய் ஒரு மத்திய அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகர் பிரிவில் நாலு வருடம் இருந்தேன். ஆலோசகர் கையெழுத்துப் போடும் குறிப்பை எழுதிக் கொடுக்கிற ஆள். எந்த அமைச்சகம் என்று கேட்காதீர்கள். எந்த ஆட்சி என்றும் கேட்காதீர்கள், நான் சொல்லப் போவது ஆட்சி மாறினால் மாறுகிற சமாச்சாரம் இல்லை.

நீங்கள் யாரென்று தெரியாது, ஆனால் ஊகிக்க முடிகிறது. பிஎச்டி முடியும் தறுவாய். கைடு உங்கள் கட்டுரையைத் திருத்தித் தராமல் ஆறு மாதமாக வைத்திருக்கிறார். போஸ்ட்டாக்குக்கு, அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலைக்கு, எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. ஏதோ ஒரு இரவில், இந்த அளவீட்டை எல்லாம் விட்டுவிட்டு நாட்டுக்கே யோசனை சொல்கிற இடத்துக்குப் போனால் என்ன என்று தோன்றியிருக்கிறது. தப்பில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் விண்ணப்பம் போட்டு வாங்குகிற வேலை இல்லை இது. இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் என்ற பதவியே 1999-இல்தான் உருவானது. முதலில் அப்துல் கலாம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் என்றாலும் தொழிலால் விண்வெளிப் பொறியாளர். அடுத்து வந்த ஆர். சிதம்பரம் அசல் இயற்பியலாளர். 1962-இல் பெங்களூரு ஐஐஎஸ்சியில் (இந்திய அறிவியல் கழகம்) முனைவர் பட்டம், பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நியூட்ரான்களை வைத்துப் படிக ஆராய்ச்சி, 1974 பொக்ரான் அணுகுண்டுச் சோதனை, 1990-இல் அந்த மையத்தின் இயக்குநர், 1993-இல் அணுசக்தி ஆணையத் தலைவர், 1998 பொக்ரான். இவ்வளவும் முடிந்து 2001-இல் ஆலோசகராக வரும்போது வயது 65. அப்புறம் 2018 வரை அங்கேயே இருந்தார். இப்போது இருக்கும் அஜய் சூட் ராமன் நிறமாலையிலும் நானோகுழாய்களிலும் பேர் வாங்கியவர், 2022-இல் பொறுப்பேற்கும்போது 70 வயது. நடுவில் இருந்த விஜயராகவன் உயிரியலாளர். ஆக, இது பணிவாழ்க்கை இல்லை, ஒரு பணிவாழ்க்கை முடிந்த பிறகு வருகிற அழைப்பு. விதிவிலக்கு என்றால் டி.எஸ். கோத்தாரி. வெண்குறு விண்மீன்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், நாற்பதைத் தாண்டியதுமே 1948-இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகர் ஆனார். நாடு புதிது, ஆள் குறைவு. அவருக்கு அடுத்து 1961-இல் வந்த பகவந்தம், சி.வி. ராமனின் மாணவர். அந்தக் காலம் போய்விட்டது.

கீழ்ப்படிகள் உண்டு. விஞ்ஞானி பதவிகளுக்கு விளம்பரம் வரும், ஒப்பந்தத்தில் கன்சல்டன்ட் எடுப்பார்கள், டெபுடேஷன் கேட்பார்கள். ஒன்று எச்சரிக்கிறேன்: சில அறிவியல் துறைகளில் 'சயின்டிஸ்ட் ஜி' என்ற தரத்துக்கே 'அட்வைசர்' என்றுதான் பெயர். விசிட்டிங் கார்டைப் பார்த்து மயங்காதீர்கள்.

சரி, அங்கே என்ன வேலை? பெரும்பாலும் பதில் எழுதுவது. நாடாளுமன்றம் நடக்கும்போது நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியது) வந்தால், அவையில் என்ன துணைக் கேள்வி கிளம்பும் என்று ஊகித்து அதற்கும் குறிப்பு தயாராக வேண்டும், அதுவும் இன்று மாலைக்குள். பொதுமக்கள் குறைதீர் தளத்தில் ஒருவர், தான் கண்டுபிடித்த எரிபொருளில்லா இயந்திரத்தை அரசு கண்டுகொள்ளவில்லை என்று புகார் போட்டார். குறித்த நாளுக்குள் தீர்த்து வைக்க வேண்டும் அல்லவா? ஆற்றல் அழிவின்மை விதியை ஓர் அரசுப் பதிலாக எழுதியிருக்கிறேன். மனுதாரர் திருப்தியடையவில்லை என்று தளம் காட்டியது.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

போன முதல் வருடம் ஒரு கோப்பு வந்தது. அமைச்சகத்தின் கட்டடங்களில் ஏசி பிளான்ட்டின் கூலிங் டவர் குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது. ஒரு நிறுவனம் குழாய்க்கு வெளியே பூட்டுகிற காந்தம் விற்கிறது. பூட்டிவிட்டால் படிவு வராதாம், ரசாயனமும் வேண்டாமாம். இது அறிவியல்படி ஏற்கத்தக்கதா, கருத்துக் கூறவும்.

எனக்கு ஒரே உற்சாகம். இங்கே வந்த பிறகு முதன்முதலாக எனக்குத் தெரிந்த விஷயம்! மூன்று வாரம் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். நிலைமை உண்மையிலேயே குழப்பம். கால்சியம் கார்பனேட் கெட்டியாக ஒட்டும் கால்சைட்டாகப் படியாமல், சுலபமாக உதிரும் அரகோனைட்டாகப் படிகிறது என்று சிலர் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதே மாதிரி செய்து பார்த்து ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். நீரின் வேகம், குழாயின் உலோகம், கரைந்திருக்கும் இரும்பு எல்லாமே முடிவை மாற்றுகின்றன. இப்படித்தான் நடக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கமும் இல்லை. 14 பக்கம் எழுதினேன், இரண்டு வரைபடத்தோடு. கடைசிப் பத்தி: "விளைவு உண்டு என்று நிறுவப் போதிய சான்று தற்போது இல்லை. எனினும் சில முடிவுகள் மேலும் ஆராயத்தக்கவை." ஓர் இதழுக்கு நடுவராக இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

எட்டு மாதம் கழித்து அதே கோப்பு திரும்பி வந்தது, பணம் செலவான கணக்கோடு. 22 கட்டடங்களில் காந்தம் பூட்டியாகிவிட்டது. குறிப்புப் பக்கங்களைப் பின்னாலிருந்து புரட்டினேன். என் 14 பக்கத்தை ஒருவர் ஒரு பத்தியாக்கியிருந்தார், அடுத்தவர் அதை மூன்று வரியாக்கியிருந்தார், அதற்கு மேலே இருந்தவர் ஒரே வரி: "அறிவியல் பிரிவு இதை ஆராயத்தக்கது எனக் கருதுகிறது, சோதனை அடிப்படையில் பொருத்தலாம்." யாரும் புளுகவில்லை. சுருக்கினார்கள், அவ்வளவுதான். இதில் வேடிக்கை, சோதனை என்றார்களே, ஒப்பிட்டுப் பார்க்கக் காந்தம் இல்லாமல் ஒரு கட்டடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று பழைய ரசாயனத்தையும் நிறுத்தவில்லை. படிவு குறைந்தாலும் குறையாவிட்டாலும் அந்தச் சோதனையிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றுமே கிடையாது.

எங்கள் தளத்தில் ஒரு அண்டர் செக்ரட்டரி இருந்தார், தமிழ்ப் பெண்மணி, ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கி. அவரிடம் போய்ப் புலம்பினேன். கோப்பை வாங்கிக் கடைசிப் பத்தியை மட்டும் படித்தார்.

"டாக்டர் சார், 'மேலும் ஆராயத்தக்கது'ன்னு நீங்க எழுதினா இங்க அதுக்குப் 'பணம் ஒதுக்கு'ன்னு அர்த்தம்."

"அறிவியல்ல அப்படித்தான் மேடம் எழுதணும். வேலையே செய்யாதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

"காந்தம் வேலை செய்யுமான்னு உங்ககிட்ட யார் கேட்டா? வாங்கலாமான்னு கேட்டாங்க."

அந்தப் பதினைந்து வினாடியில் கற்றதுதான் நாலு வருடத்தில் நான் கற்றது. வேலை செய்யுமா என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியாது, இன்றும் தெரியாது. வாங்கலாமா என்ற கேள்விக்கு அன்றைக்கே தெரியும்: கூடாது. முதல் கேள்விக்கு விடை தெரியாததே இரண்டாவதற்கு விடை. நான் என் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு, அவர்கள் கேள்வியை அவர்களிடமே விட்டுவிட்டேன். அதனால் அதிகாரிகளைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குற்றம் பெரும்பாலும் என்னுடையது. 14 பக்கத்தையும் ஒருவராவது படித்திருக்கலாம், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அதன் பிறகு ஐந்து வரிக்கு மேல் எழுதியதில்லை. முதல் வரியிலேயே முடிவு, காரணம் பிறகு, வரைபடம் எல்லாம் பின்னிணைப்பில்.

உடனே யாராவது, ஆலோசகர் இப்படி அடித்துச் சொன்னால் ஆபத்தில்லையா என்று லிண்டமனைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். நானே தூக்கி வருகிறேன். சர்ச்சிலுக்கு நெருக்கமாக இருந்த இயற்பியலாளர் அவர். 1942-இல் ஜெர்மன் நகரங்களைக் குண்டு வீசி அழித்தால் எத்தனை வீடுகள் இடியும் என்று ஒரு கணக்குக் கொடுத்தார், துளியும் தயக்கமில்லாமல். பிரிட்டிஷ் அரசுக்கு யோசனை சொன்ன வேறு இரண்டு விஞ்ஞானிகள் மறுத்தார்கள்: அந்த எண் ஐந்து மடங்கு அதிகம் என்றார் டிசார்ட், ஆறு மடங்கு என்றார் பிளாக்கெட். எடுபட்டது லிண்டமன் பேச்சுதான். எனவே அடித்துச் சொல்வதே சாமர்த்தியம் என்று நான் சொல்லவில்லை. அதே பிளாக்கெட்டைப் பாருங்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் தாக்கிக்கொண்டிருந்த அட்லான்டிக்கில் சரக்குக் கப்பல்களைச் சிறு கூட்டமாக அனுப்புவதா, பெரிய கூட்டமாகவா என்பது பிரச்சினை. காவல் கப்பல் எத்தனை வேண்டும் என்பதைக் கூட்டத்தின் சுற்றளவு தீர்மானிக்கிறது, எத்தனை சரக்குக் கப்பல் உள்ளே அடங்கும் என்பதைப் பரப்பளவு. பரப்பு வேகமாக வளரும், சுற்றளவு மெதுவாக. ஆகவே பெரிய கூட்டம். நீர்மூழ்கியின் உள்மனதை எல்லாம் அவர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை, கேட்ட கேள்விக்குத் தேவையான அளவு இயற்பியல் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சியை எப்படி அமைப்பது என்று 1948-இல் அறிக்கை கொடுத்தவரும் இந்த பிளாக்கெட்தான்.

இழப்பையும் சொல்ல வேண்டும். அந்த நாலு வருடத்தில் என் பெயரில் இரண்டு கட்டுரை, இரண்டும் போவதற்கு முன் எடுத்த அளவீடுகள். என்னிடம் இருந்த மாணவி வேறு கைடுக்கு மாறினாள், அவள் முடிவு சரிதான். திரும்பி வந்து பதவி உயர்வு நேர்காணலுக்குப் போனால், என்னைவிட எட்டு வயது இளையவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்?" என்றார். இடைவெளியாம். என் குறிப்பால் மூன்று திட்டங்கள் நின்றிருக்கின்றன, எவை என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை. நடந்த திட்டத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. நின்ற திட்டத்துக்கு என்ன இருக்கிறது? கோப்பில் எழுதியதை மேற்கோள் காட்டவும் ஆள் கிடையாது.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் விட்டால் நெஞ்சு ஆறாது. டெல்லியிலிருந்து சென்னைக்கு ஒரு மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு விமானத்தில் போய் வந்தேன். போர்டிங் பாஸ் சட்டைப் பையோடு துவைக்கப் போய்விட்டது. 11 மாதம் என் பயணப் படி பில் நின்றது. டிக்கெட் இருக்கிறது, கூட்டத்தில் நான் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடு இருக்கிறது, கூட்டக் குறிப்பில் நான் பேசியது அச்சாகியே இருக்கிறது. பில்லின் மேல் ஒருவர் எழுதினார்: "பயணம் மேற்கொண்டதற்குப் போதிய சான்று இல்லை. நிராகரிக்கலாம்." காந்தத்துக்கும் எனக்கும் ஒரே வாசகம், போதிய சான்று இல்லை. காந்தத்துக்கு 22 கட்டடம் கொடுத்தார்கள்.

உங்களுக்கு என் பதில், முடிவு முதலில்: இப்போது போகாதீர்கள். முதலில் ஏதாவது ஒன்றில், சின்னதாக இருந்தாலும், நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று பத்துப் பேர் நம்புகிற நிலைக்கு வாருங்கள். அது இல்லாமல் அங்கே போனால் நீங்கள் நன்றாக வரைவு எழுதுகிற இன்னொரு ஆள், அவ்வளவுதான். சுவை பார்க்க ஆசை என்றால் அறிவியல் கொள்கை ஆராய்ச்சி மையங்கள் சில இருக்கின்றன, பெங்களூரு ஐஐஎஸ்சியிலேயே ஒன்று உண்டு. ஓரிரு வருடம் அங்கே இருந்து பாருங்கள், ஆய்வகத்தோடு தொடர்பு அறுந்துவிடாது. நிரந்தர வேலை கிடைத்த பிறகு டெபுடேஷன் வந்தால் யோசிக்கலாம். போகும்போது, திரும்பி வந்தால் உங்கள் பதவி மூப்பு என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். நான் வாங்கவில்லை.

போன வருடம் ஒரு குழுக் கூட்டத்துக்காக அந்தப் பழைய கட்டடத்துக்கு மறுபடி போனேன். மதிய இடைவேளையில் கால் தானாகப் பின்பக்கம் பிளான்ட் அறைக்குப் போய்விட்டது. காந்தங்கள் அங்கேயே இருக்கின்றன. குழாயோடு சேர்த்து அவற்றுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இது வேலை செய்கிறதா என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். "தெரியலை சார், ஆனா வருஷா வருஷம் ஆள் வந்து துடைச்சிட்டுப் போறாங்க, பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கு" என்றார்.